மருந்தடிக்கிற ஆளுங்களுக்கு ஒருநாள் பாதுகாப்பு பயிற்சி: உருப்படியா என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

சோளக்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரம்பலூர் பக்கம் ஒரு எஃப்பிஓ-ல (உழவர் உற்பத்தியாளர் நிறுவனம்) ஃபீல்டு ஸ்டாஃபா இருக்கேன். எங்க ஏரியால மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம். இந்த சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி மெம்பர்களுக்கும் எங்க ஃபீல்டு பசங்களுக்கும் பண்ணைப் பாதுகாப்பு பத்தி ஒருநாள் பயிற்சி வைக்கணும்னு போர்டு மீட்டிங்ல முடிவாகி அது என் தலைல விழுந்திருக்கு. ஏற்கனவே நடந்த பயிற்சியெல்லாம் பாத்திருக்கேன், மண்டபத்துல ஃபேன் போட்டு உக்கார வச்சு ஸ்லைடு ஓட்டுவாங்க, கையுறை போடு மாஸ்க் போடுன்னு ஒரு படம், அப்புறம் ஆளுக்கு ஒரு கிட்டு, பேனர் முன்னாடி போட்டோ, சாம்பார் சாதம், முடிஞ்சுது. அந்த கிட்டு இன்னும் பல வீட்டு பரண்ல பாலித்தீன் பிரிக்காமயே கெடக்கு.

2017-ல மகாராஷ்டிரால யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்தடிச்சவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க, நூத்துக்கணக்குல ஆஸ்பத்திரில கெடந்தாங்க, அதே வருஷம் எங்க பெரம்பலூர் பக்கமும் பருத்திக் காட்டுல சாவு விழுந்துச்சு. ஆளுயரத்துக்கு மேல செடி வளந்திருந்தப்ப அடிச்சதும் ஒரு காரணம்னு சொன்னாங்க. இப்ப மக்காச்சோளத்துல 2018-லேர்ந்து படைப்புழு வந்தப்புறம் குருத்துக்குள்ள மருந்து விழணும்னு அண்ணாந்து அடிக்கிறாங்க, அதான் எனக்கு பயமா இருக்கு. ஒரே ஒரு நாள் தான் கெடைக்கும், மிஞ்சிப்போனா நாப்பது பேரு வருவாங்க. எதை சொல்லலாம் எதை விடலாம், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரிட்டயர்டு ஏஓ:

தம்பி, முதல்ல மண்டபத்தை கேன்சல் பண்ணுங்க. தோட்டத்துல வைங்க, காலைல ஏழு மணிக்கு. நான் ஏஓ-வா, அதாவது வேளாண் அலுவலரா, சர்வீஸ்ல இருந்தப்ப கொங்கு பக்கம் செஞ்சு பாத்ததுல சனங்க மறக்காத ஒண்ணு சொல்றேனுங்க. ஒரு பேட்டரி ஸ்பிரேயர்ல வெறும் தண்ணி, துணிக்கு போடுற சொட்டு நீலத்தை நல்லா கெட்டியா கலக்கிக்கங்க. தினம் மருந்தடிக்கிற ஆளு ஒருத்தருக்கு வெள்ளை முழுக்கை சட்டை, வெள்ளை வேட்டி, மூஞ்சிக்கு வெள்ளைத் துண்டு. எப்பவும் எப்படி அடிப்பாரோ அப்படியே சோளத்துக்குள்ள ரெண்டு சால் அடிச்சுட்டு வரச்சொல்லுங்க. வெளிய வந்ததும் எங்கெங்க நீலம்னு எல்லாரும் பாக்கட்டும். முன்தொடை, கவட்டை, முதுகு, மணிக்கட்டு, துண்டுல வாய்க்கு நேரா இருக்கிற இடம். நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா காரணம் கேளுங்க. அடிச்ச செடிக்குள்ளயே முன்னேறி நடக்கறதால தொடை நனையுது, அப்ப அடிச்ச பக்கத்தை விட்டு விலகி நடக்கணும், காத்துக்கு எதுத்தாப்புல அடிக்கவே கூடாது. முதுகு ஏன் நனைஞ்சுது? டேங்க் மூடி வாஷர் போயிருக்கும், இல்ல பெல்ட் பக்கம் ஒழுகும். புது வாஷர் சல்லிக்காசு, அதை மாத்தாம முதுகுல ஊற வச்சுட்டு திரியறோம். முதுகுக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு பாலித்தீன் தாளைக் கட்டிட்டாலே பாதி குறையும். மணிக்கட்டு விஷயம் உங்களுக்கு ரொம்ப முக்கியம், கீழ பாத்து அடிக்கிறப்ப சட்டைக்கை கையுறைக்கு வெளிய இருக்கணும், அண்ணாந்து அடிக்கிறப்ப சட்டைக்கையை கையுறைக்குள்ள விட்டு கையுறை வாயை மடிச்சு விடணும், இல்லாட்டி வழியற மருந்து நேரா கையுறைக்குள்ள போய் தேங்கி நிக்கும், அதுக்கு போடாமயே இருக்கலாம். எந்த ஸ்லைடுலயும் இது வராதுங்க.

பலபேர் நெனப்பு மருந்து மூக்கு வழியா தான் ஏறுதுன்னு. வயல்ல அடிக்கிற ஆளுக்கு பெரும்பாலும் தோல் வழியா தான் ஏறுது. அதுலயும் கவட்டைத் தோல் முன்னங்கைத் தோலை விட பல மடங்கு வேகமா உறிஞ்சும். வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அடிக்கிற ஊர்ல இதை கூச்சப்படாம சொல்லோணும்.

பாட்டில்ல கலர் பாக்கச் சொல்லிக் கொடுங்க. லேபிள்ல சதுரக் கட்டத்தை மூலையில நிறுத்தின மாதிரி ஒரு குறி இருக்கும், அதோட கீழ்ப்பாதில இருக்கிற கலரைத்தான் பாக்கணும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, இந்த வரிசைல விஷம் குறையும். சிவப்புன்னா எலிக்கு வாய்வழியா கொடுத்துப் பாத்ததுல கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள்ளயே பாதி எலி செத்துப்போற அளவு விஷம். பச்சைன்னா தேன்னு அர்த்தம் இல்லை.

இன்னொண்ணு, மருந்துக்கடைக்காரரைக் கூப்பிடுங்க. உங்க ஃபீல்டு பசங்க சொல்றதை விட அவர் சொல்றதைத்தான் விவசாயி கேப்பான். ஹைதராபாத்ல இருக்கிற மேனேஜ்ங்கிற மத்திய அரசு வேளாண் பயிற்சி நிறுவனம் 2003-லேர்ந்து கடைக்காரங்களுக்கு டேசி டிப்ளமான்னு ஒரு வருஷப் படிப்பு நடத்துது, அது முடிச்ச ஆளு உங்க ஏரியால இருந்தா ரொம்ப நல்லது. "மூணு மருந்தை ஒண்ணா கலந்து அடி"ன்னு சொல்ற கடைக்காரரா இருந்தா இன்னும் கட்டாயம் கூப்பிடுங்க, நாலு பேரு முன்னாடி பதில் சொல்லட்டும்.

ரொட்டவேட்டர் ராசா:

ஏஓ சார் சொன்னது அம்புட்டும் சரி, ஆனா ஒரு விசயம் யாருமே பேச மாட்டேங்குறீக. எங்க பக்கம் மருந்தடிக்கிறது பட்டாக்காரரு இல்ல, கூலியாளு. கூலி டேங்க் கணக்கு. எத்தனை டேங்க் அடிச்சானோ அம்புட்டு காசு. கையுறை மாட்டி கழட்டி, நடுவுல சோப்புப் போட்டு கை கழுவி, காத்து அடிச்சா நிறுத்தி, உச்சி வெயிலுக்கு ஓய்வெடுத்து அடிச்சா அவனுக்கு நட்டம். நீங்க ஆயிரம் பயிற்சி குடுங்க, கூலிக் கணக்கு மாறாம எவனும் மாற மாட்டான். அதனால பயிற்சிக்கு நிலக்காரரையும் அவருக்கு அடிக்கிற ஆளையும் ஜோடியா கூப்பிடுங்க, நாள் கூலியா பேசுங்கன்னு அங்கயே வச்சு பேசுங்க.

நான் டிராக்டர் ஓட்டுறவன், மருந்து பத்தியே பேசிக்கிட்டு இருந்தா எங்களை யாரு பாக்குறது. உங்க ஃபீல்டுல மண்ணைக் கிளறுற ரொட்டவேட்டர், சோளம் அடிக்கிற மெசினு எல்லாம் ஓடும்ல? டிராக்டர் இஞ்சினுலேர்ந்து அந்த மெசினைச் சுத்த வைக்கிற பி.டி.ஓ. சாஃப்ட் நிமிசத்துக்கு 540 சுத்து, அப்படின்னா ஒரு செகண்டுக்கு 9 சுத்து. வேட்டி நுனியோ துப்பட்டாவோ துண்டோ அதுல பட்டுச்சுன்னா "ஐயோ"ன்னு சொல்லுறதுக்குள்ள ஆளு உள்ள. சாஃப்ட்டுக்கு மேல வர்ற பிளாஸ்டிக் கவரை வாங்குன மாசமே கழட்டி ஷெட்டுல போட்டுருவாய்ங்க, கிரீஸ் வைக்க எடஞ்சலா இருக்காம். ரொட்டவேட்டர் பிளேடுல கொடி சுத்திக்கிட்டா இஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை பாக்கெட்டுல போட்டுட்டுத்தான் கை வைக்கணும். கியரை நியூட்ரல் பண்ணிட்டேன்ல போதும்னு நம்பி விரல் போனவய்ங்க எங்க செட்டுலயே இருக்காய்ங்க.

மட்கார்டுல பிள்ளைகளை உக்கார வைக்கிறதை பத்தி ஒரு அரைமணி நேரம் பேசுங்க. அப்பா உழுகுறத பாக்கணும்னு ஏறிக்கிரும், வரப்புல ஒரு குலுக்கு குலுக்குச்சுன்னா நேரா ரொட்டவேட்டருக்கு முன்னாடி தான் விழும். அப்புறம் சேத்துல மாட்டுன டிராக்டரை இழுக்குறப்ப கயிறை உசரத்துல கட்டக்கூடாது, கீழ டிராபார்ல, அதான் பின்னாடி தாழ்வா இருக்குற இழுவைக் கம்பில மட்டும் தான். உசரத்துல கட்டி கிளட்சை படக்குனு விட்டா முன்சக்கரம் தூக்கி வண்டி பின்பக்கமா கவுந்து ஓட்டுற ஆளு மேலயே விழும்.

ராத்திரி டிரெய்லர்ல லோடு ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு வர்றீக, பின்னாடி ஒரு லைட்டு இல்ல. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை பயிற்சி அன்னைக்கே வாங்கி வச்சு வந்த வண்டிக்கெல்லாம் ஒட்டி விடுங்கண்ணே.

மேலக்காட்டு மருமக:

நான் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நாப்பது பேருன்னு சொன்னீங்களே அதுல பொம்பளைங்க எத்தனை பேரு? பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்களைத்தான் மெம்பரா போடுறீங்க, மெம்பரைத்தான் கூப்பிடுவீங்க, அப்ப எங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. ஆனா தண்ணி தூக்கியாந்து டேங்க்குல ஊத்துறது நாங்க, மருந்தை மூடியில அளந்து கலக்குறதும் பல வீட்டுல நாங்க தான், தண்ணி சேத்து அடிக்கிற மருந்தை விட கலக்கும்போது கையில படுற மருந்து தானே கெட்டி மருந்து. கலக்குறதுக்கு குச்சி எங்க, வெறுங்கையை விட்டு கலக்குறவங்க இன்னும் இருக்காங்க. அதே குடத்துல தான் அடுத்து குடிக்க தண்ணியும் வருது.

முந்தாநாள் அடிச்ச பருத்திக்காட்டுல பஞ்சு எடுக்க விடுறாங்க, என்னைக்கு அடிச்சாங்கன்னு எங்களுக்கு சொல்றதே இல்ல. வரப்பு முனையில ஒரு செகப்பு துணி கட்டி வச்சா கூட போதும், படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியும். வெயிலுக்கும் மருந்து வாடைக்கும் முந்தானையை நனைச்சு மூஞ்சில கட்டிக்குவோம், குளுகுளுன்னு இருக்கும், அது சரியா தப்பான்னு யாராவது சொல்லுங்க.

வீட்டுக்காரர் கழட்டிப் போடுற சட்டையை பிள்ளைங்க துணியோட சேத்து ஊற வைக்கிறோம், அதையும் உங்க பயிற்சில பேசுங்க சார். வயித்துல புள்ள இருக்கிறப்ப காட்டு வேலைக்கு போறவங்க பத்தியும். ஆம்பளை பேசுற எடத்துல நாங்க வாய் தொறக்க மாட்டோம், தனியா ஒரு மணி நேரம் வையுங்க, ஒரு நர்சம்மாவை கூட்டியாங்க, அப்ப கேக்குறதுக்கு நெறைய இருக்கு.

கரிசல் பையன்:

எல்லாம் ஓகே ப்ரோ ஆனா ஃபர்ஸ்ட் எய்ட் தான் மெயின். எங்க தாத்தா சொல்லுவாரு மருந்து வாடை ஏறிட்டா உப்புத்தண்ணியை கரைச்சு குடுத்து வாந்தி எடுக்க வச்சிரணும், இல்லைன்னா மோர் இல்ல பால் குடுக்கணும், பாம்பு கடிச்சா கடிச்ச எடத்துக்கு மேல நல்லா இறுக்கி கட்டிட்டு லேசா கீறி விட்டா விஷம் இறங்கிடும். இந்த மாதிரி சிம்பிளா ஒரு நோட்டீஸ் அடிச்சு குடுத்துருங்க.

நைட் டூட்டி டாக்டர்:

ப்ரோ, கோவிச்சுக்காதீங்க, அந்த நோட்டீஸ் மட்டும் அடிச்சுறாதீங்க. தாத்தா காலத்துல வேற வழி இல்ல, இப்ப 108 இருக்கு. நான் ஒரு தாலுகா ஆஸ்பத்திரில வேலை பாக்குறேன், சீசன்ல ராத்திரிக்கு ராத்திரி இதான் வரும், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

மருந்துப் பாட்டில்ல வெறும் விஷம் மட்டும் இல்ல, மண்ணெண்ணெய் மாதிரி கரைப்பானும் பல மருந்துல இருக்கு. வாந்தி எடுக்க வச்சா அது நுரையீரலுக்குள்ள போய் தனி வியாதி ஆயிடும். அரை மயக்கத்துல இருக்கிற ஆளுக்கு பாலோ மோரோ ஊத்தினாலும் அதே கதை தான். உப்புத்தண்ணியே சில பேருக்கு ரத்தத்துல உப்பை ஏத்தி ஃபிட்ஸ் வர வச்சிருக்கு. செய்ய வேண்டியது என்னன்னா, ஆளை காட்டை விட்டு வெளிய கொண்டாங்க, நனைஞ்ச துணி மொத்தத்தையும் அங்க வரப்புலயே கழட்டுங்க, வெக்கமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், போர் தண்ணியும் சோப்பும் போட்டு தலைமுடி, காது மடல், நகக்கண், கவட்டை எல்லாம் கழுவுங்க, கழுவுற ஆளு கையுறை போட்டுக்கங்க. மயக்கமா இருந்தா இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வையுங்க. பாட்டிலை, அது இல்லைன்னா லேபிளை போட்டோவாவது எடுத்துட்டு வாங்க. "ஏதோ புழு மருந்து சார்"னு சொன்னா நாங்க என்னன்னு வைத்தியம் பாக்குறது? லேபிள்லயும் கூட வர்ற தாள்லயும் மாற்று மருந்து என்னன்னு போட்டிருக்கும்.

வெயில் மயக்கமா மருந்து மயக்கமான்னு கண்டுபுடிக்கிறதை கட்டாயம் சொல்லிக் குடுங்க, இதுல தான் நேரம் போகுது. ரெண்டுலயும் வேர்க்கும், தலை சுத்தும். வெயில்னா பொதுவா வாய் வறண்டு போயிருக்கும். பாஸ் வகை மருந்து, அதாவது ஆர்கனோபாஸ்பேட் ஏறிடுச்சுன்னா எச்சில் ஒழுகும், கண்ணுல தண்ணி ஊத்தும், கண்ணுமணி ஊசிமுனை மாதிரி சுருங்கிடும், தசை அங்கங்க துடிக்கும், மூச்சுல கரகரன்னு சத்தம் வரும். இதுல ஒண்ணு பாத்தாலும் நெழல்ல உக்கார வச்சு சோடா வாங்கிக் குடுத்துட்டு இருக்காதீங்க, அதுக்கு முறிவு மருந்தான அட்ரோபின் ஊசி தேவைப்படும். வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி தான் மூச்சு முட்டி வர்றவங்களும் உண்டு, அதனால அன்னைக்கு முழுக்க வீட்டுல ஒருத்தர் கவனிக்கணும்.

களைக்கொல்லில பாராகுவாட்னு ஒண்ணு, மஞ்சள் லேபிள் தான், சிவப்பு கூட இல்ல. ஆனா அதுக்கு முறிவு மருந்தே கிடையாது. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி வச்சு வீட்டுல புள்ள குடிச்ச கேஸ்லாம் பாத்துட்டேன். எந்த மருந்தையும் வேற பாட்டில்ல மாத்தி ஊத்தாதீங்க.

முந்தானை பத்தி கேட்ட அக்காவுக்கு: நனைஞ்ச துணி மூஞ்சிக்கு நல்லதில்லைங்க. ஈரத்துல மருந்து ஊறி வாய்க்கிட்டயே நிக்கும். காய்ஞ்ச துணி, ஈரமானா மாத்திக்கங்க. சாதா மாஸ்க், கொரோனாக்கு போட்ட என்-95 எல்லாம் தூசியையும் சாரலையும் கொஞ்சம் தடுக்கும், ஆவியை தடுக்காது, அதுக்கு கரித்தூள் கேட்ரிட்ஜ் வச்ச மாஸ்க் வேணும். துணி தனி பக்கெட்டு, தனியா கயித்துல காயப் போடுங்க. வயித்துல புள்ள இருக்கிறவங்க கலக்குற வேலையையும் அடிச்ச காட்டுல எறங்குறதையும் தவிர்க்கணும், இதை வீட்டு ஆம்பளைங்களுக்கும் நிலக்காரருக்கும் தான் சொல்லணும், உங்களுக்கு ஏற்கனவே தெரியும்.

பாம்புக்கு இறுக்கி கட்டவே கூடாது, கீறவும் கூடாது. கண்ணாடி விரியன் கடிச்சா ரத்தம் உறையாது, கீறின எடத்துல நிக்காம போகும். இறுக்கிக் கட்டினா கால் அழுகிடும், அவுத்ததும் தேங்கின விஷம் ஒரேயடியா ஏறும். கால் ஆடாம ஒரு குச்சி வச்சு தளர்வா கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு வாங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே முறிவு ஊசி தான், அதனால பாம்பைத் தேடி அடிச்சு பையில போட்டு கொண்டு வர வேண்டியதில்லை. 2024-ல தமிழ்நாட்டுல பாம்புக்கடியை கட்டாயம் அரசுக்கு தெரிவிக்க வேண்டிய நோயா அறிவிச்சுட்டாங்க. கட்டுவிரியன் கடி பல நேரம் தெரியவே தெரியாது. களத்துல காவலுக்கு தரையில படுத்தவர் விடியக்காலம் வயித்துவலி, கண்ணு சொருகுதுன்னு வந்தா நாங்க முதல்ல அதைத்தான் சந்தேகப்படுவோம். அறுப்பு சீசன்ல கயித்துக் கட்டில்ல படுங்க, கொசுவலையை பாய்க்கு அடியில சொருகுங்க.

சோளக்காட்டான்:

டாக்டர் சார், ஏஓ சார், ராசா அண்ணே, அக்கா எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நீலம் டெமோ ஃபிக்ஸ். மண்டபத்தை கேன்சல் பண்ண சொல்லிட்டேன், போர்டுல ஒருத்தர் பேனர் எங்க கட்டுறதுன்னு கேட்டாரு, வேப்பமரத்துல கட்டிக்கலாம்னுட்டேன். பெண்களுக்கு மதியம் தனியா வைக்க பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) நர்ஸ்கிட்ட பேசுறேன். ஜோடியா கூப்பிடுறது தான் சிக்கல், நிலக்காரங்க சிலபேர் கூலியாளோட ஒண்ணா உக்காந்து கேக்க வருவாங்களான்னே சந்தேகம், ஆனா ட்ரை பண்றேன்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, எங்க பக்கம் ஆழக் கிணறு நெறைய, மோட்டார் ரிப்பேருக்கு எறங்குறவங்க மயங்கி விழுறாங்க, மெழுகுவர்த்தியை எறக்கிப் பாத்துட்டு எறங்கச் சொல்லலாமா? ரெண்டு, காலி பாட்டிலை என்ன பண்ணச் சொல்றது?

ரிட்டயர்டு ஏஓ:

மெழுகுவர்த்தியை நம்பாதீங்க. பிராணவாயு ரொம்ப குறைஞ்சா தீ அணையும், சரிதான். ஆனா கிணத்துக்குள்ள டீசல் இஞ்சின் ஓடியிருந்தா அந்தப் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு தீ அணையாது, ஆளு தான் அணைவான். எரியற வாயு இருந்தா தீ பிடிக்கவும் வாய்ப்பிருக்கு. இஞ்சினை எப்பவும் மேல வச்சு ஓட்டுங்க. எறங்கறவர் இடுப்புலயும் தோள்லயும் கயிறு, மேல ரெண்டு ஆளு, பேச்சு நின்னா உடனே இழுத்துடோணும். விழுந்தவரைத் தூக்க அடுத்த ஆளு கயிறில்லாம குதிக்கறதுல தான் ஒரே கிணத்துல அண்ணன் தம்பி சேந்து போறாங்க. தீயணைப்பு நிலையத்துல கேட்டா மூச்சுக்கருவியோட வந்து பயிற்சிலயே செஞ்சு காட்டுவாங்க, கடிதம் குடுத்துப் பாருங்க.

பாட்டிலை மூணு தடவை அலசி அந்தத் தண்ணியை டேங்க்லயே ஊத்தி வயல்லயே அடிச்சுடுங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க. அப்புறம் ஓட்டை போட்டு நசுக்கி, வீடு, கிணறு, ஓடை எல்லாத்துக்கும் எட்டத்துல குழி வெட்டி ஆழமா புதைக்கணும். 1971 பூச்சிக்கொல்லி விதிகள்லயே உடைச்சு புதைக்கணும்னு தான் இருக்கு. எரிக்கறது வேண்டாம், அந்தப் புகையும் விஷம். ஓட்டை போடாம விட்டா மறுவாரம் அதுல விளக்கெண்ணெய் இருக்கும்.

ராசா சொன்ன கூலி விஷயத்துல அவரோட ஒத்துப்போறேன். கதிரடிக்கிற மெஷின் பத்தி 1983-லேயே ஆபத்தான இயந்திரங்கள் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, கை கால் போனா இழப்பீடு குடுக்கறதெல்லாம் அதுல இருக்கு, சொன்னா நிலக்காரங்க காது கொஞ்சம் திறக்கும். வர்றவங்க உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை எடுத்துட்டு வரச்சொல்லுங்க. நன்செய் ரெண்டரை ஏக்கர், புன்செய் அஞ்சு ஏக்கர் வரைக்கும் உள்ளவங்களுக்கும் நிலமில்லாத கூலிக்காரங்களுக்கும் உண்டுங்க, விபத்து உதவித்தொகை அதுல வரும். அட்டை இல்லாதவங்க பேரை அங்கயே எழுதி விஏஓ-கிட்ட குடுத்துடலாம்.

ரொட்டவேட்டர் ராசா:

தம்பி, நிலக்காரரு வரமாட்டாருன்னு யோசிக்காதீக. ஸ்பிரேயர் நாசில், அதான் மருந்து பீச்சுற முனை, ஃப்ரீயா மாத்தித் தர்றோம், உங்க மெசினை எடுத்துக்கிட்டு அடிக்கிற ஆளோட வாங்கன்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் வந்துருவாக. வந்ததும் அடைச்ச நாசிலை வாயை வச்சு ஊதுறவன் எவன்னு கேளுங்க, பாதிப்பேரு கையைத் தூக்குவான். பழைய பல்லு விளக்குற பிரஷ்ஷு ஆளுக்கு ஒண்ணு டேங்க் பெல்ட்டுலயே கட்டி விட்டுருங்க.